படகில் இரண்டு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் கொஞ்சம் தகராறு செய்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, உன் அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா, எழுது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், ஒரு பக்கம் மாப்பிள்ளை மாமா எப்படி இருக்கீங்க என்கிறார், ஒரு பக்கம் குட்டி கத்துகிறாள், நடுவில் உன் அம்மா சாப்டாச்சா என்கிறாள், நான் ஆச்சு என்கிறேன், அதோடு முடிந்துபோகிறது. வைத்த பிறகு ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை பேனாவை எடுத்துவிட்டேன். இதை நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படி, அம்மாவிடம் உடனே நீட்டிவிடாதே, ஏன் என்பது கடைசியில் வரும்.

முதலில் ஒரு விஷயம். போன வியாழக்கிழமை உன் அம்மாவுக்கு மூன்று தடவை வந்த ஃபோன் மோசடிக் கும்பலிடமிருந்து வந்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, எவளோ ஒருத்தி கூப்பிட்டு நீங்க தண்ணியில விழுந்துட்டீங்களாம்மான்னு கேட்டாளாம்ப்பா, அம்மா விட்ட டோஸ்ல அவ இனிமே ஃபோனையே தொடமாட்டா என்று. நானும் சேர்ந்து சிரித்தேன், எத்தனை விதமாக ஏமாற்றுகிறார்கள் பார் என்றுகூடச் சொன்னேன். அவள் ஏமாற்றுக்காரி இல்லை அம்மாடி. நீர்வழி ரோந்துப் படகின் அதிகாரி. கூப்பிடும்போது பக்கத்தில் நான்தான் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும், பொறுமையாகப் படி.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. அதுதான் தொந்தரவே. உன் அம்மா இருந்தபோது கத்தரிக்கோல் எங்கே, டார்ச் எங்கே என்று நாளெல்லாம் சண்டை, இப்போது கத்தரிக்கோல் பதினோரு மாதமாக அதே ஆணியில் தொங்குகிறது. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து தனக்குத் தெரியாத வேலையென்று சொல்லிக்கொண்டே சரிசெய்து கொடுத்தார், இப்போது அந்தச் சத்தமும் இல்லை. அவள் படுக்கிற பக்கத்தில் செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன், இதைப் படித்துவிட்டு அவளிடம் சொல்லித் தொலைக்காதே. தேநீர் போடும்போது இன்னமும் தண்ணீர் இரண்டு பேருக்குத்தான் வைக்கிறேன், கை அப்படியே பழகிவிட்டது. மிச்சத்தை ஒரு மணி நேரம் கழித்துச் சூடு பண்ணி நானே குடித்துவிடுகிறேன். ஆகக்கூடி தேநீருக்குக் குறைவில்லை.

படகு விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவைத்தான் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் வாங்கிய பாய்மரப் படகு, பள்ளிக்கூடத்தில் வீட்டில் யார் யார் என்று எழுதச் சொன்னதற்கு நீ அக்கா ஒருத்தி, பச்சை நிறம், மரம் என்று எழுதிவிட்டு வந்தாய், டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த அக்காவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூச வேண்டும், சிப்பிகள் ஒட்டிக்கொண்டு கனத்துப்போவாள், இது உனக்குத் தெரியும். படகுப் பட்டறை நீர்வழியின் வடக்குக் கோடியில் இருக்கிறது. வழியில் மூன்று திறக்கும் பாலம், நடுவில் பெரிய காயல், காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். போன வருஷம் வரை நானும் உன் அம்மாவும்தான் போனோம். இந்தத் தடவை அவள் வந்த பிறகு போகலாமென்று மூன்று மாதம் தள்ளினேன், பிறகு ஆறு மாதம் என்றீர்கள், அதையும் தள்ளினேன். இப்போது குட்டிக்கு இரண்டு வயசாகிற வரைக்கும் அம்மா இங்கே இருக்கட்டுமாப்பா என்று நீ கேட்டாய். தாராளமா இருக்கட்டும் என்று சொன்னேன். மறுநாள் துறைக்குப் போய்ப் பார்த்தேன், படகின் அடியில் சிப்பி விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. இனிமேல் தள்ளினால் பலகை போய்விடும்.

தனியாகப் போகக் கூடாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. எலக்ட்ரீஷியனைத்தான் கேட்டு வைத்திருந்தேன். அவர் புதன்கிழமை ஏணியிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது, படுக்கையிலிருந்தே இன்னொரு நாளைக்குப் போலாம் சார் என்றார். பட்டறையில் வியாழன் சாயங்காலத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள், விட்டால் மழைக்காலம் முடிந்துதான். எனக்கு இந்த நீர்வழி நம் வீட்டுக் கூடம்தானே என்று ஒரு திமிர். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், கண்ணாடியைப் பார், பின்னால் பார் என்று தொண்டை கிழியக் கத்தினவன், சொன்ன பேச்சைக் கேட்காமல் கிளம்பிவிட்டேன். திட்டுவதானால் இந்த இடத்தில் திட்டிவிட்டு மேலே படி.

காலை ஆறு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தேன். நல்ல காற்று, பாய் ஒரே இழுப்பில் ஏறியது. நீர்வழி உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. ஒரு பக்கம் வீடுகளின் பின்புறம், ஒரு பக்கம் மணல் திட்டு, திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரையும், ஆனால் கண்ணில் படாது. வீடுகளை வாசல் பக்கமாகப் பார்ப்பது வேறு, பின்பக்கமாகப் பார்ப்பது வேறு. ஒருவர் படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டே எனக்குக் கையாட்டினார். ஒரு அம்மாள் ஈரத் துணியை உதறிக்கொண்டே உள்ளே யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தாள், எழுந்திரு எழுந்திரு என்று அவள் போட்ட சத்தம் ரொம்ப தூரம் வரை தண்ணீரில் கூடவே வந்தது. உன் அம்மா இருந்தால் அந்த வீட்டுக் கதையை அவளே கட்டிச் சொல்லியிருப்பாள், எழுந்திருக்காதது மகனா புருஷனா, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தான், எல்லாம். நான் பார்த்தேன், கடந்தேன், அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்ல ஆளில்லை என்றால் பார்க்கிறதே பாதியாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பாலம் எட்டு மணிக்கு வந்தது. பாலத்துக்கு முன்னால் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, என்ன படகு, எந்தப் பக்கம் போகிறது, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் திறப்பார்கள். ஆள் கணக்கு ஏன் என்றால், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் தனியாகப் போன ஒருவர் தவறி விழுந்து, வெறும் படகு மறுநாள்தான் கிடைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாலத்திலும் ஆள் கணக்கைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதி அடுத்த பாலத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். வயர்லெஸ் என்றைக்கும் உன் அம்மா இலாகா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்த குரல், பாலக்காரர்கள் எல்லாரும் அவளை எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றுதான் சொல்வார்கள். நான் அதைக் கையில்கூட எடுத்ததில்லை, ஆனால் அவள் சொல்கிற வாக்கியம் இருபது வருஷமாகக் காதில் விழுந்து மனப்பாடம். பொத்தானை அமுக்கினேன், வணக்கம், பச்சைப் பாய்மரப் படகு, வடக்க போறோம், ரெண்டு பேர், திறந்து விடுங்க என்று அவள் சொல்கிற மாதிரியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பாலத்தில் இருந்த பெண் ரெண்டு பேர், சரிங்க என்றாள், மணி அடித்தது, பாலம் மேலே எழுந்தது. கடந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்ன சொன்னோமென்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு இல்லம்மா ஒருத்தர்தான் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. இரண்டாவது பாலத்தில் நடந்ததைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அதையும் கடந்தேன் என்று மட்டும் இப்போது வைத்துக்கொள்.

பத்தரை மணிக்குக் காயலுக்குள் நுழைந்தேன். தனியாகப் படகு ஓட்டுவதென்றால் என்னவென்று அங்கேதான் புரிந்தது. சுக்கானை விட்டால் படகு திரும்பும், பிடித்தால் பாய்க் கயிறு எட்டாது, கயிற்றை இழுக்க எழுந்தால் முழங்கால் பிடிக்கும். காயலில் ஒவ்வொரு மழைக்கும் மணல் இடம் மாறும், வழி காட்டப் போட்டிருக்கிற மிதவையை நம்பிப் போக முடியாது. அதனால்தான் உன் அம்மா முன்னால் நின்று ஆழக்கோலைத் தண்ணீரில் விட்டு விட்டு எடுத்து நாலடி, நாலடி, மூணரை, இடது பக்கம் ஒடி என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருவாள். உன் அக்காவுக்கு மூன்றடி தண்ணீர் வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து அவள் சொல்கிற பக்கம் ஒடிப்பேன், இத்தனை வருஷமும் படகை ஓட்டுகிறவன் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காயலின் நடுவில், தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்ததும், எவ்வளவு என்று கத்தினேன் பாப்பா. கத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஆழக்கோல் அதன் கொக்கியில் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் சர்ரென்று சத்தம் கேட்டது, படகு மணலில் ஏறி நின்றுவிட்டது.

இறங்கித் தள்ளிப் பார்த்தேன். தொடை வரைக்கும் தண்ணீர், அடியில் சேறு, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். சாய்ந்தபோது இரண்டு காரியம் நடந்தது. என் பேண்ட் பையில் இருந்த ஃபோன் குளித்துவிட்டது. முன்பக்கக் கம்பியில் உன் அம்மாவின் லைஃப் ஜாக்கெட் எப்போதும் மாட்டியிருக்குமே, முதுகில் அவள் மார்க்கரால் எக்ஸ்சேஞ்ச் என்று எழுதி வைத்த ஆரஞ்சு நிற ஜாக்கெட், அது நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. நான் பார்த்தபோது இருபது அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. துரத்திக்கொண்டு போக முடியவில்லை, இரண்டு எட்டு வைத்ததும் சேறு காலைப் பிடித்துக்கொண்டது. அது மெதுவாக, அவசரமே இல்லாமல், வெயிலில் போய்க்கொண்டே இருந்தது, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு எதற்கு அவ்வளவு அழுகை வந்தது என்று தெரியவில்லை. சுற்றி ஆளே இல்லை, அதனால் கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பிறகு படகில் ஏறி, கடல் ஏற்றத்தில் நீர் உயர்வதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன், பிரித்தால் முட்டை நாலு இருக்கிறது, எனக்கு இரண்டுக்கு மேல் இறங்காது என்று உனக்கே தெரியும். காயல் நடுவில் பேச்சுத் துணைக்கு ஒரு கொக்குகூட வரவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு நீர் ஏறிப் படகு தானாகவே மிதந்தது, இன்ஜினைப் போட்டு மெல்ல வெளியே வந்தேன்.

மூன்றாவது பாலத்துக்கு நாலு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருப்பவர் பழைய ஆள், வழுக்கைத் தலை, உனக்கு ஒரு தடவை மிட்டாய் கொடுத்திருக்கிறார். பாலத்தைத் திறக்காமல் கம்பி ஓரமாக வந்து நின்று கீழே பார்த்தார். ஒரு தடவை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். சார், அம்மா எங்க என்று கேட்டார். வரல என்றேன். வரலன்னா என்றார். ஊர்ல இல்ல என்றேன். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மூன்றரை மணிக்கே இறால் வலைக்காரர் ஒருவர் அந்த ஜாக்கெட்டை எடுத்து வந்து பாலத்தில் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு பாலத்திலும் இரண்டு பேர் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இங்கே ஒருத்தன் மட்டும் முழங்கால் வரை சேற்றோடு, கண் சிவந்து வந்து நிற்கிறேன். அவர் என்னதான் நினைப்பார், சொல்லு.

பத்து நிமிஷத்தில் ரோந்துப் படகு வந்துவிட்டது. இன்னும் இரண்டு படகுகள் நேரே காயலுக்குப் போயின. ரோந்து அதிகாரி சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பாலத்து அறையில் உட்காரவைத்துப் போர்வையைப் போர்த்தினாள். ஐயா, உங்க சம்சாரம் எங்க இருக்காங்க என்றாள். என் பொண்ணு வீட்டுல என்றேன். பொண்ணு எங்க என்றாள். நீ இருக்கிற நாட்டைச் சொன்னேன். சரிங்க ஐயா, கொஞ்சம் தண்ணி குடிங்க என்றாள். பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி இல்லை, பாவப்பட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. நான் நிஜமாகத்தான் சொல்றேன்மா, அவ பேத்தியைப் பாத்துக்கப் போயிருக்கா என்று நாலு தடவை சொன்னேன். அப்போதுதான் அவள் மெதுவாகக் கேட்டாள், ரெண்டாவது பாலத்துல, அம்மா முன்னாடி கோல் பிடிச்சுட்டு நிக்கிறாங்கன்னு நீங்களே சொன்னீங்களே ஐயா என்று.

ஆமாம் பாப்பா, சொன்னேன். தள்ளிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். முதல் பாலத்தில் வாய் பழக்கம். இரண்டாவது பாலத்தில் அப்படி இல்லை. அங்கே இருக்கிறவர், என்ன சார் இன்னிக்கு நீங்க பேசுறீங்க, அம்மா குரலைக் காணோமே என்று கேட்டார். வாயைத் திறந்தால் ஊருக்குப் போயிருக்கா என்று வர வேண்டியதுதான், அதைத்தான் பதினோரு மாதமாகப் பால்காரரிடம், தபால்காரரிடம், மருந்துக்கடையில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்ப வருவாங்க என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் முன்னாடி நிக்கிறா, கோல் பிடிச்சுட்டிருக்கா, கை ஒழியல என்று சொல்லிவிட்டேன். பாய் மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க சார் என்றார். சொல்றேன் என்றேன். அதுக்கப்புறம் காயல் வருகிற வரைக்கும் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், இந்தப் பதினோரு மாதத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் சௌகரியமாக மூச்சு விட்டேன்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது, சும்மா சொன்னேன்மா என்றேன். அவள் நம்பவில்லை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் ஃபோன் செத்துக் கிடந்தது, அதற்கு உயிர் வந்தது மறுநாள்தான், நம்பர் எனக்குப் பாடமில்லை. நல்லவேளை, படகின் மருந்துப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் நீ அம்மா நம்பரை எழுதி ஒட்டிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அவள் அதைப் பார்த்துக் கூப்பிட்டாள். அங்கே காலை ஆறரை. முதல் தடவை நீர்வழி ரோந்துலேர்ந்து பேசறோம் என்று ஆரம்பித்ததுமே உன் அம்மா வைத்துவிட்டாள். தெரியாத நம்பரிலிருந்து போலீஸ், கோர்ட் என்று யார் பேசினாலும் வெச்சுடணும் என்று நீதான் அவளுக்கு உருப்போட வைத்திருக்கிறாயே. இரண்டாவது தடவை ஸ்பீக்கரில் போட்டு, அம்மா வெச்சுடாதீங்க, நீங்க தண்ணியில விழுந்துட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க என்றாள் பாவம், பதற்றத்தில் அப்படித்தான் வந்தது. அதற்கு உன் அம்மா, ஏண்டி, நான் இங்க அடுப்புல பாலை வெச்சுட்டு நிக்கிறேன், தண்ணியில எப்படி விழுவேன், எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் இருந்தவகிட்டயே ஃபோன்ல கதை விடறியா, வேற நல்ல வேலையாப் பாரு என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாள். நான் பேச வாயெடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பின்னால் குட்டி ஏதோ மழலை பேசியது கேட்டது, பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்டது. மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

பாலக்காரர்தான் முதலில் சிரித்தார், இது எக்ஸ்சேஞ்ச் அம்மாதான், சத்தியமா அவங்கதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் வயர்லெஸ்ஸில் தேடுறதை நிறுத்துங்க, ஆள் பத்திரமா இருக்காங்க என்று சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிக்காமல், ஐயா, எட்டுப் பேர் முக்கால் மணி நேரமாத் தண்ணியில இருக்காங்க, இனிமே இப்படிச் சொல்லாதீங்க என்றாள். தலையை நிமிர்த்த முடியவில்லை. முங்கித் தேடினவர் ஈரத்தோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுடுப்பா என்றேன். பரவால்ல ஐயா, தேடி ஆள் கிடைக்காம சந்தோஷமாத் திரும்புனது எனக்கு இதுதான் முதல் தடவை என்றார். நல்ல மனுஷன், போர்வையை அவருக்குக் கொடுத்தேன்.

அப்புறம் பாலத்துப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்கள். படகில் ஆட்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. அதை என் கையாலேயே அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு சின்னக் கோடு கிழிப்பதற்குக் கை வரவில்லை அம்மாடி. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது மாதிரி கொஞ்ச நேரம் ஓட்டினேன். பிறகு எழுதிக் கொடுத்தேன்.

இருட்டுவதற்குள் பட்டறையில் படகைச் சேர்த்துவிட்டேன், பட்டறைக்காரர் அம்மா வரலையா என்றார், ஊருக்குப் போயிருக்கா என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இதை எடுத்து மடியில வெச்சுக்குங்க பெரியவரே, ஆள் உக்காரணும் என்றார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது கூடத்தில் நாற்காலி முதுகில் காய்கிறது.

இனிமேல்தான் கடிதம். இரண்டு வயசு வரைக்கும் இருக்கட்டுமா என்று நீ கேட்டதற்குத் தாராளமா என்றேன் அல்லவா, அது பொய். நீ வெளிநாடு போகட்டுமா என்று கேட்டபோதும் தாராளமா என்றேன், மூன்று மாதத்துக்கும் தாராளமா, ஆறு மாதத்துக்கும் தாராளமா. அந்த வார்த்தை என் வாயில் வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம், உன் அம்மாவுக்கு இது தெரியும், ஆனால் உன் ஸ்பீக்கரில் அவளுக்கு என் முகம் தெரிவதில்லை. உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்கும் போய்க் குட்டியையும் பார்ப்பதென்றால் சும்மாவா, ஆள் வைத்தால் நம்பிக்கையில்லை என்கிறாய், நியாயம்தான். எனக்கு நீயும் வேண்டும், குட்டியும் வேண்டும். ஆனால் அவள் இங்கே வேண்டும் பாப்பா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், அறுபத்தெட்டு வயசில் இதற்கு மேல் எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தைக் காட்டாமல், என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், உனக்கு என்னம்மா இஷ்டம் என்று அவளைக் கேள். என் கதையைச் சொன்னால் பரிதாபத்தில் பெட்டியைக் கட்டிவிடுவாள், அது எனக்கு வேண்டாம். குட்டியை விட்டு வர மனசில்லை என்று அவள் சொன்னால், கோபமே இல்லை, அக்காவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நானே அங்கே வந்து உங்கள் சோபாவில் படுத்துக்கொள்கிறேன், பால் கலக்கவும் துணி மடிக்கவும் எனக்குத் தெரியும். வருகிறேன் என்றால் நாள் குறித்து எழுது, அதற்கப்புறம் கடிதத்தைக் கொடு, ஏமாற்றுக்காரி என்று திட்டினாளே, அந்தப் பெண்ணிடம் அவள் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் எட்டுகிற தூரத்திலேயே நீண்ட நாள் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம், இதற்கு மேல் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குட்டியை அடுப்புப் பக்கம் விடாதே, பால் பொங்குகிற சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

ஒரு நினைவூட்டல். அடுத்த மாதம் இருபதாம் தேதி படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். திரும்புகிற பயணத்தையும் மூன்றாவது பாலத்துப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதச் சொன்னார்கள். தேதி எழுதினேன், தெற்கே என்று எழுதினேன். எத்தனை பேர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். என்ன சார் இது என்றார் பாலக்காரர். கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா